புகை வந்தால் யார் எழுப்புவது?

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மகன், "அங்கே எல்லா வீட்டிலும் புகை அலாரம் கட்டாயம், நீங்களும் மாட்டுங்கள்" என்கிறான். எங்களுடையது சாதாரண மாடி வீடு. இங்கேயும் அப்படிச் சட்டம் உண்டா?
- வாசகி, அழகாபுரம்

மகன் சொல்வது உண்மை. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் அந்த விதி உண்டு. கூடத்திலும் ஒவ்வொரு தளத்தின் நடைவழியிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம், ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைப்பு என்பது அங்கே ஏற்பாடு. தமிழ்நாட்டில் தனி வீட்டுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டிய உயர்மாடிக் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனாலும் மாட்டுங்கள். புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பிப் படுக்காதீர்கள், தூக்கத்தில் மூக்கும் உறங்கிவிடுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்தத் தூக்கத்தை மயக்கமாக மாற்றிவிடும். படுக்கையறைக்கு ஒன்று, அதற்கு வெளியே நடையில் ஒன்று, தளத்துக்குக் குறைந்தது ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் தாளித்தாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலும் அலறுகிறது. கழற்றி பீரோவில் வைத்துவிட்டோம்.
- வாசகர், குகை

முதலில் பீரோவிலிருந்து எடுங்கள். பழுது கருவியில் இல்லை, மாட்டிய இடத்தில் இருக்கிறது. அடுப்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, மின்விசிறி இறக்கைகளிலிருந்து ஒரு மீட்டர் விலக்கி, கூரையில் மாட்டுங்கள். வாங்கும்போது ஒளியால் புகையை அறியும் வகையைக் கேளுங்கள், தாளிப்புக்கு அது குறைவாகவே ஏமாறும். சமையலறைக்குள் வெப்ப அலாரமே சரி. சாம்பிராணி போடும் நேரத்துக்குச் சில நிமிடம் அடக்கிவைக்கும் பொத்தான் பல கருவிகளில் உண்டு.

கீழே கொலுசுப் பட்டறை, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். பட்டறையில் சிலிண்டர் வைத்துப் பற்றவைப்பதால் பகலெல்லாம் புகை. மின்சார ஸ்கூட்டரை இரவில் படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போடுகிறோம். மாடியில் ஓர் அலாரம் போதுமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

போதாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்தப் படிக்கட்டுதான். கீழே பற்றிய தீயின் புகை அதன் வழியாகத்தான் மேலே ஏறும், நீங்கள் இறங்கவும் அதே வழிதான். மாடி அலாரம் மட்டும் இருந்தால், அது அலறும்போது படிக்கட்டு புகைபோக்கியாக மாறியிருக்கும். ஆகவே பட்டறைக்குள் வெப்ப அலாரம், படியின் தலைப்பில் புகை அலாரம், படுக்கையறைகளில் புகை அலாரம் என்று வைத்து எல்லாவற்றையும் இணையுங்கள். கம்பியில்லாமல் இணையும் வகையை வாங்கினால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

ஸ்கூட்டரை இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் தீ சில நொடிகளில் பெருகும். மொட்டைமாடிக் கதவைப் பூட்டுகிற பழக்கம் இருந்தால், சாவி அந்தக் கதவருகிலேயே தொங்கட்டும்.

புகை அலாரத்துக்கு எரிவாயுக் கசிவு தெரியாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான கசிவுக் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்ட வேண்டும். நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் 1906-ஐ அழையுங்கள். தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

எங்களுடையது ஓட்டு வீடு. மூடுபனி உள்ளே வந்தால் அலாரம் கத்துகிறது. ஆனால் குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தால் சத்தமே இல்லை. பழுதா?
- வாசகி, ஏற்காடு

பழுதில்லை. பனித்துளியும் புகைத்துகளைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும். வாசலையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, முகட்டின் உச்சியிலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் கீழே, ஆனால் மூன்று அடிக்கு மேல் இறங்காமல் மாட்டிப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கனிந்த கரி அதிகம் புகையாது, ஆனால் கார்பன் மோனாக்சைடை விடாமல் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, புகை அலாரத்துக்கும் அது தெரியாது. தலைவலி, குமட்டல், பிறகு எழ முடியாத தூக்கம். அதற்கென்று தனி அலாரம் கிடைக்கிறது, வாங்குங்கள். ஆனால் அதை நம்பிக் கரிச்சட்டியைத் தொடராதீர்கள். இன்றிரவே அதை வெளியே வைத்துவிடுங்கள், கூடுதலாக ஒரு கம்பளி போதும்.

நள்ளிரவில் நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கிறது.
- வாசகர், அம்மாபேட்டை

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, மாற்றுங்கள். பின்புறத்தில் தயாரித்த தேதி இருக்கும். பத்து ஆண்டு ஆகியிருந்தால் கருவியையே மாற்றுங்கள்.

தாத்தாவுக்குக் காது மந்தம். அலாரம் கேட்குமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

கேட்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியும் மின்னி அணையும் விளக்கும் இணைந்த அலாரங்கள் இருக்கின்றன. குழந்தைகளும் அலாரச் சத்தத்தில் எழாமல் தூங்குவதுண்டு, அவர்களை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். மாதம் ஒருமுறை பரிசோதனைப் பொத்தானை அழுத்தும்போது, தாத்தா அறைக் கதவைச் சாத்தி, அவர் காதுக் கருவியைக் கழற்றிய பிறகு அழுத்துங்கள்.