களைச்செடியும் அடுக்குச் செம்பருத்தியும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறேன். மகள் மரபணு ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். எடுத்திருப்பது அரபிடாப்சிஸ் என்று ஏதோ கடுகு இனத்துக் களையாம். மல்லித் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை மல்லியைப் படிக்கக் கூடாதா? ஐந்து வருடம் ஒரு களையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன்? வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மல்லி விதை பிடிப்பதே அரிது. தங்கச்சிமடத்திலிருந்து வருகிற நாற்றும் தண்டை வேர்பிடிக்க வைத்து வளர்த்ததுதான். தோட்டம் முழுக்க ஒரே செடியின் உடம்பு என்றே சொல்லலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் வேறுபாடு இருந்தால்தானே எந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேட முடியும்? அந்தக் களையோ ஆறு வாரத்தில் விதை தந்துவிடும். ஓர் அறைக்குள் ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம். செடிகளில் முதன்முதலாக, 2000இல், மரபணுத்தொகுதி படித்தறியப்பட்டது அதற்குத்தான்.

நாளைக் காலையில் மகளோடு உட்கார்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். ஒற்றைச் செம்பருத்தி ஒன்று, அடுக்குச் செம்பருத்தி ஒன்று பறித்து வாருங்கள். ஒற்றையில் ஐந்து இதழ். நடுவே நீண்ட குழலில் மகரந்தத் தாள்கள். அடுக்கை இதழ் இதழாகப் பிரித்துக்கொண்டு உள்ளே போங்கள். ஓரத்தில் மஞ்சளாக மகரந்தப்பை ஒட்டிய இதழ் கையில் வரும். பாதி இதழ், பாதி மகரந்தத் தாள். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று பூவைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதழாவதா, தாளாவதா என்பது எங்கே தீர்மானமாகிறது? 1991இல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் இதற்கு விடை எழுதினார்கள். ஒருவர் நாய்முகப்பூவிலும் (ஆங்கிலத்தில் ஸ்னாப்டிராகன்) மற்றவர் உங்கள் மகளின் களையிலும் உழைத்தவர்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணுக்களில் மூன்று வகை: ஏ, பி, சி. ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். சி பழுதானால் அந்த இடத்துக்கும் ஏ பரவிவிடும். தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வரும். சூலகத்தின் இடத்தில் பூவுக்குள் இன்னொரு பூ தொடங்கும். களையில் இப்படிப் பழுதான செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றோடொன்று கலந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும், நினைத்துப் பாருங்கள். ரோஜாவின் அடுக்குகளைப் புரிந்துகொள்ளவும் இதுவே வழிகாட்டியது.

பழ ஈயிலும் இதே கதை. இரண்டு சிறகு ஈ நான்கு சிறகோடு பிறந்ததை எட்வர்ட் லூயிஸ் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஈயில் பழுதான மரபணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் முதுகெலும்பில் எது கழுத்து, எது மார்பு என்று வகுக்கின்றன. அவர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலும் யாராவது என்ன பயன் என்று கேட்டிருப்பார்கள்.

உங்கள் ஆசை தவறில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஆழமாகப் படிக்க நம் பிள்ளைகள் வேண்டும். செம்பருத்தியைப் பிரித்து முடித்ததும் ஓர் அடுக்கு மல்லியை மகளிடம் கொடுங்கள். ஒற்றை மல்லியில் மகரந்தத் தாள் இரண்டே இரண்டு. இரண்டும் இதழானாலும் கணக்கு உதைக்கிறது. மீதி இதழ்கள் எங்கிருந்து வந்தன என்று அவளிடம் கேளுங்கள்.