ஓடுபவர்களின் குதிகால் நாண்: இயன்முறை மருத்துவரிடம் சில கேள்விகள்

வாரம் 15 கி.மீ. ஓடிவந்த நான், அரை மாரத்தானுக்காக ஒரே மாதத்தில் 40 கி.மீ. ஆக்கினேன். மூச்சு வாங்கவில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைத்துக்கொள்கிறது. குதிகால் நரம்பில் கோளாறா?

நரம்பு என்று வழக்கில் சொன்னாலும், அது கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலிஸ் தசைநாண். மூச்சு வாங்காததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். இரத்த ஓட்டம் குறைவான தசைநாணுக்கோ மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு சுமையை அது ஒவ்வோர் அடியிலும் தாங்குகிறது. தூரத்தைக் கூட்டும் அதே வாரத்தில் மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் சேர்ப்பதே நான் அதிகம் காணும் தவறு. முழு ஓய்வு வேண்டாம். மறுநாள் காலை விறைப்பு கூடாத அளவுக்கு ஓட்டத்தைக் குறையுங்கள்.

எனக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த வலி ஓய்வில் போய்விட்டது. மீண்டும் வருமா?

வர வாய்ப்புண்டு, ஒருமுறை நோவு கண்ட நாண் மீண்டும் பாதிக்கப்படுவது சாதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்த நாணின் வலியால் விலகிய தடை ஓட்ட வீரர் லியு சியாங், 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார், நாண் அறுந்திருந்தது. ஓய்வு வலியைத்தான் போக்கும், இழந்த வலுவைத் தராது. சுவீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறைப்படி, படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழிறக்குங்கள்: முழங்காலை நீட்டியும் மடக்கியும் தலா 15 முறை வீதம் 3 சுற்று, நாளுக்கு இருவேளை, 12 வாரங்கள். வலி குதிகால் எலும்போடு ஒட்டிய இடத்திலேயே இருந்தால், படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

தட்டையான காலணிக்கு மாறலாமா?

மாறலாம், படிப்படியாக. குதிப்பகுதி தாழ்ந்தால் நாணின் மேல் சுமை கூடும்.

சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் தந்திருக்கிறார்கள். ஓடலாமா?

இதைக் கேட்டது மிக நல்லது, பலர் கேட்பதேயில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணை அழற்சிக்கு உள்ளாக்கலாம், அறுக்கவும் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை) விதித்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தை முடித்துச் சில மாதங்கள் கழித்தும் இது நேரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஓடுபவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். குதிகாலில் வலியோ வீக்கமோ தோன்றினால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி அவரை அழையுங்கள்.

யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலிருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. நடக்க முடிகிறது. பொறுத்திருக்கலாமா?

பொறுக்க வேண்டாம். நாண் அறுந்தாலும் பிற தசைகளின் உதவியால் நடக்க முடியும். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலை ஒருவரைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கக்கூடும். அசைந்தாலும், அந்தக் காலை ஊன்றாமல் இன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.