சோலார் பேனல் சரியாக வேலை செய்கிறதா? வாட்டை விட்டுவிட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள்

கேள்வி: மொட்டை மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறும், 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் நல்ல வெயில் நாளில் 13, 14 யூனிட் வந்தது. இப்போது அதே மாதிரி வெயிலில் 10 யூனிட்டைத் தாண்டுவதில்லை. மின் கட்டணமும் ஏறிவிட்டது. ஆனால் இன்வெர்ட்டரில் பச்சை விளக்குதான் எரிகிறது. பேனல் கெட்டுவிட்டதா? நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பச்சை விளக்கை நம்பி இருக்காதீர்கள். இன்வெர்ட்டர் மின்வாரியத்தின் வெளி லைனோடு சேர்ந்து ஓடுகிறது என்பதைத்தான் அது சொல்லும். ஆறில் ஒரு பேனல் செத்துக் கிடந்தாலும் அந்த விளக்கு பச்சையாகவே எரியும்.

மின் கட்டணத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உள்ளே வரும், வெளியே போகும் யூனிட்டைக் கணக்கிடும் நெட் மீட்டரின் ஏற்றுமதிக் கணக்கு, வீட்டில் செலவானது போக மிஞ்சி வெளியே போன யூனிட்டை மட்டுமே காட்டும். வீட்டில் புதிதாக ஒரு ஏசி ஓட ஆரம்பித்தால், பேனல் பழையபடியே கொடுத்தாலும் ஏற்றுமதி குறையும், கட்டணம் ஏறும். உண்மையான உற்பத்தி இன்வெர்ட்டர் திரையிலோ ஆப்பிலோ ‘இ-டோட்டல்’ என்ற இடத்தில் இருக்கும். மாதத்தின் முதல் தேதி மாலை ஒருமுறை, அடுத்த மாதம் முதல் தேதி மாலை ஒருமுறை குறித்துக்கொண்டு கழித்தால் அந்த மாத உற்பத்தி கிடைத்துவிடும். அதைப் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பேனல் வயதாவதால் முதல் வருடம் 2 சதவீதம், அதன்பின் வருடத்துக்கு அரை சதவீதம் அளவில் குறைவது இயல்பு. மூன்று வருடத்துக்கு 3 சதவீதம்தான் கணக்கு. நீங்கள் சொல்வது 25 சதவீதம் அளவு. இதை வயது என்று விட்டுவிட முடியாது, எங்கோ பழுது அல்லது தடை இருக்கிறது.

நடுப்பகல் சோதனை

மேகமே இல்லாத நாளில், வெயில் உச்சியில் இருக்கும்போது இன்வெர்ட்டர் முன் நில்லுங்கள். ஆறு பேனலுக்கு 3,240 வாட் வர வேண்டுமே என்று எதிர்பார்க்க வேண்டாம். பேனலின் பின்பக்க லேபிளில் உள்ள 540, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சத்தில், பேனலுக்குள் இருக்கும் மின்செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கடும் வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் வீதம், சூட்டிலேயே 12 சதவீதம் போய்விடும். கேபிள், இன்வெர்ட்டர், லேசான தூசி எல்லாம் போக 2,300 முதல் 2,600 வாட் வந்தால் உங்கள் பேனல்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன.

வாட் குறைந்திருக்கிறது என்றால், ஏன் என்பதை அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. அதே திரையில் பேனல் பக்கத்து டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட், டிசி ஆம்பியர் இரண்டும் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது இதைத்தான். உங்கள் ஆறு பேனலும் ஒரே வரிசையாக, தொடராக இணைந்திருக்கும். இந்த வகைப் பேனல் ஒன்றுக்கு லேபிளில் வேலை வோல்ட் (Vmp) 41.5 அளவிலும், ஆம்பியர் (Imp) 13 அளவிலும் இருக்கும். ஆறுக்கும் சேர்த்துச் சுமார் 250 வோல்ட், சூட்டில் அது 215 முதல் 225 வரை இறங்கும். தெளிந்த நடுப்பகலில் ஆம்பியர் 11 முதல் 12 வரை நிற்க வேண்டும்.

வோல்ட் 220 சுற்றி இருந்து, ஆம்பியர் 8 அல்லது 9 என்றால் பேனல்களுக்கு வெளிச்சம் போதவில்லை. தூசி, எண்ணெய்ப் படலம், உப்புக்கறை என்று எல்லாப் பேனலிலும் ஒரே மாதிரி ஏதோ படிந்திருக்கிறது.

ஆம்பியர் சரியாக இருந்து வோல்ட் மட்டும் 180 அளவுக்கு இறங்கியிருந்தால், ஒரு முழுப் பேனல் கணக்கில் இல்லை. 12, 13 வோல்ட் மட்டும் குறைந்திருந்தால் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. ஒவ்வொரு பேனலின் பின்னாலும் உள்ள சிறு பெட்டிகளில், குறையுள்ள செல் வரிசையைத் தாண்டி மின்சாரத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டயோடுகள் மூன்று இருக்கும். இடி மின்னலிலோ அதிகச் சூட்டிலோ அதில் ஒன்று ஷார்ட் ஆனால், அது காக்க வேண்டிய செல் வரிசை ஒட்டுமொத்தமாக ஒதுங்கிவிடும். பறவை எச்சமோ கம்பத்தின் நிழலோ அழுத்தமாக ஒரு பேனலில் விழுந்தாலும் டயோடு வழிவிட்டு இதே மாதிரி வோல்ட் குறையும். எனவே டயோடைக் குறை சொல்லும் முன் மேலே ஏறி நிழலைப் பாருங்கள்.

வோல்ட் வழக்கத்தைவிட ஏறி 250ஐத் தாண்டி, ஆம்பியர் விழுந்திருந்தால் பேனலில் குறையே இல்லை. கொடுக்கத் தயாராக இருக்கும் மின்சாரத்தை இன்வெர்ட்டர்தான் வாங்க மறுக்கிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் சூடாகித் தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கும், அல்லது வெளி லைனின் வோல்டேஜ் கூடுதலாக இருக்கும். 230 வோல்ட் லைனில் பல இன்வெர்ட்டர்கள் 253ஐத் தாண்டினால் துண்டித்துக்கொள்ளும், சில நிமிடம் காத்திருந்து திரும்ப இணையும். நடுப்பகலில் இப்படிப் பலமுறை நடந்தால் நாளுக்கு ஓரிரு யூனிட் சத்தமில்லாமல் போய்விடும். இன்வெர்ட்டர் முனையிலும் மெயின் போர்டிலும் ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டை ஒரே நேரத்தில் அளக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஐந்தாறு வோல்ட் வித்தியாசம் இருந்தால் நடுவில் கேபிள் மெலிது, அல்லது முனை தளர்ந்திருக்கிறது.

ஆப்பில் உள்ள அன்றாட வரைபடமும் பேசும். தெளிந்த நாளில் அது வழவழப்பான மேடு போல ஏறி இறங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். நடுநடுவே பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் வெளி லைன். உச்சி மட்டும் தட்டையாக வெட்டியதுபோல் இருந்தால் இன்வெர்ட்டர் தன் கொள்ளளவைத் தொட்டுவிட்டது, அது பழுதல்ல. மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் தாமதமாக ஆரம்பித்து, இன்சுலேஷன் (மின்காப்பு) பிழை என்று காட்டினால், எங்கோ கனெக்டரிலோ கேபிள் உறையிலோ ஈரம் புகுகிறது. உலர்ந்ததும் சரியாகிவிடுகிறதே என்று விடக்கூடாது, அது மின்கசிவின் அறிகுறி.

மேலே ஏறினால்

மேற்பரப்பு பளபளப்பாகத் தெரிந்தாலும், கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். சாய்வு குறைவான பேனல்களில் மழைநீர் சட்டத்தில் தேங்கி, காய்ந்து, விரல் அகலத்துக்கு மண் கோடு படியும். நெட்டுவாக்கில் நிற்கும் அரைச்செல் (செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த) பேனலில் கடைசி வரிசைச் செல்லின் உயரமே 9 செ.மீ.தான். அதில் 2 செ.மீ. மூடினால் செல்லின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருட்டு. தொடரில் உள்ள மற்ற செல்களும் அந்தக் கடைசி வரிசைக்கு இணங்கியே ஓட வேண்டும் என்பதால், பேனலின் கீழ்ப் பாதி முழுவதும் நொண்டும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கழுவுவதை வெயிலுக்கு முன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். வெறும் தண்ணீர், மென்மையான துடைப்பான் போதும். சோப்புத்தூளும் இரும்பு நாரும் வேண்டாம், பேனல் மேல் கால் வைக்கவும் வேண்டாம். உப்பு அதிகமுள்ள நீரானால் காயவிடாமல் வழித்து எடுங்கள், இல்லாவிட்டால் கறை படியும். முந்தைய நடுப்பகல் ஆம்பியரையும், கழுவிய அன்று அதே நேரத்து ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். 8.5 என்பது 11க்கு மேல் ஏறினால் வேறு சோதனையே தேவையில்லை.

ஏறவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். கனெக்டரை நீங்களே கழற்றாதீர்கள். மின்சாரம் ஓடும்போது டிசி கனெக்டரைப் பிரித்தால் தீப்பொறி நீண்டு நிற்கும், 250 வோல்ட் டிசி உயிரைப் பறிக்கப் போதுமானது. இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெளிச்சம் உள்ளவரை பேனல் பக்கம் வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். முதலில் ஏசி பிரேக்கர், அடுத்து பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்ச், பிறகு கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகே கனெக்டர். அவர் ஒவ்வொரு பேனலின் திறந்த வோல்ட்டை (எதனோடும் இணைக்காதபோது உள்ள வோல்ட்டை) தனியாக அளக்கட்டும். ஐந்து பேனல் 45 காட்ட, ஒன்று மட்டும் 30 காட்டினால் டயோடு போனது அதில்தான். உருகிய கனெக்டர், டிசி பெட்டியில் போன ஃபியூஸ், மின்னல் அதிர்விலிருந்து காக்கும் சர்ஜ் அரெஸ்டரின் ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருப்பது ஆகியவற்றையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். குறையுள்ள பேனலின் சீரியல் எண், அளந்த வோல்ட், பின்பக்கப் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள், உத்தரவாதம் கேட்கும்போது இவை தேவைப்படும்.