மாங்குளத்தில் கொதிக்கும் மொறிஸ் மைனர்

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் காரில் வவுனியாவுக்குப் போனால் மாங்குளம் தாண்டியதும் ரேடியேற்றர் கொதிக்கிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பரந்தன்

பதில்: விற்காதீர்கள் தம்பி! போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயிலேயே ஓடிய இனம் அது.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? கேத்தல் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான் உள்ளே குழாய்களையும் அடைக்கும். என்னுடைய 948 சிசி மைனரின் ரேடியேற்றரைக் கழற்றியபோது குழாய்களில் பாதி அடைபட்டிருந்தது. கழுவி, வடித்த நீரில் கூலன்ற் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கலந்து ஊற்றினேன். அதன் பிறகு கொதிக்கவே இல்லை.

அப்புறம், அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லின் பதர் பறந்து வந்து ரேடியேற்றர் தகடுகளுக்கிடையே செருகிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். விசிறிப் பட்டி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும்.

எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்துவீர்கள். கச்சான் வாங்கும்போது பொனற்றைத் தூக்கி, எங்காவது தண்ணீர் ஒழுகுகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.