ஜப்பான் போகாமலே அதன் பண்பாட்டைப் பழக எதில் தொடங்கலாம்?

மொழி வகுப்பா, சமையலா, விளையாட்டா, எது முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஒரு சீட்டுக்கட்டுக்கு: ஹ்யாகுனின் இஷ்ஷு கருதா. நூறு புலவர்கள், ஆளுக்கொரு பாட்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர் தொகுத்தது. ஜப்பானில் புத்தாண்டுக்கு வீட்டில் கூடி ஆடுவது பழைய வழக்கம்.

ஒருவர் பாட்டை முதலிலிருந்து வாசிப்பார். தரையில் கிடக்கும் சீட்டுகளில் பின்பாதி மட்டுமே இருக்கும்; பொருந்தும் சீட்டை முந்தி எடுக்க வேண்டும். மனப்பாடம் செய்தவர் பின்பாதி வரும்வரை காத்திருக்க மாட்டார். நூறில் "மு" என்று தொடங்குவது ஜக்குரெனின் "முராசமே நோ" பாட்டு ஒன்றுதான். அதனால் "மு" காதில் விழுந்ததுமே "கிரி தாச்சினோபோரு" என்ற சீட்டின் மேல் கை பாய்ந்துவிடும். (மழை ஓய்ந்த இலையுதிர்கால மாலையில் பனிமூட்டம் எழுகிற அழகான பாட்டு. ரசிக்கத்தான் நேரமிருக்காது!) இப்படி ஓரெழுத்திலேயே பிடிபடும் பாட்டுகள் ஏழு. போட்டி ஆட்டத்தில் இன்னொரு வில்லங்கம்: தரையில் ஐம்பது சீட்டுதான், வாசிப்பதோ நூறிலிருந்தும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதே கட்டில் போசு மெகுரி ஆடலாம். புலவர் படம் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். துறவி வந்தால் கையிலிருப்பதெல்லாம் நடுவுக்குப் போச்சு. இளவரசி வந்தால் நடுவில் கிடப்பதெல்லாம் உங்களுக்கு. எழுத்தே தெரிய வேண்டாம்.

சரி, மொழி. எடுக்கும் சீட்டுகள் முழுக்க ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து. அடிப்படை எழுத்துகள் 46, ஆடும்போதே மனதில் ஏறிவிடும். பழைய முறைச் சீட்டுகளில் 'க'வின் இரண்டு ஒலிகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகள் இருக்காது. கடலையும் தங்கத்தையும் ஒரே 'க'வில் எழுதும் நமக்கு அது பழக்கம்தானே. இலக்கணத்திலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். தமிழர்கள் பயப்படத் தேவையில்லை. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் வேறு கதை, அவற்றுக்கு வருடக்கணக்காகும்.

சாப்பாட்டில் சுஷியை விடுங்கள், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் தொடங்குங்கள். அதன் உயிர் தாஷி என்ற சாறு. அதில் போடும் கட்சுவோபுஷி, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்தது. நம் மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. சைவம் என்றால் கொம்பு என்கிற கடற்பாசியும் காய்ந்த ஷீதாகே காளானும் போதும். கடற்பாசியைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுங்கள். மிசோவை அடுப்பை அணைத்த பிறகு கரையுங்கள். கொதித்தால் மணம் போய்விடும். அப்புறம், வெளியே சாப்பிடும் சைவர்கள் கவனம்: காய்கறிக் கூட்டில்கூட மீன் தாஷி இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.