சிங்கப்பூரில் பிடிபட்ட பாட்டாவின் பட்டாளக் காலத்தை எங்கே தேடுவது?

கேள்வி: எங்க பாட்டாவுக்கு ஊர் குழித்துறை பக்கம். 1941-இல், 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டார். போர் முடிந்துதான் ஊர் திரும்பினார். அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. பென்ஷனும் கிடையாது. 'ஏதோ தப்பு செய்ததால்தான் பென்ஷன் இல்லை' என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அவருடைய நட்சத்திர மெடல் ஒன்றும் கிழிந்த காகிதம் ஒன்றும் ஆச்சியிடம் இருக்கிறது. ஆச்சிக்கு 92 வயது. பாட்டா எங்கே இருந்தார், அவருக்கு என்ன நடந்தது என்று இனி கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முதலில் அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷ சர்வீஸ் இருக்க வேண்டும். போருக்கென்று சேர்த்த லட்சக்கணக்கான பேரைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் பாட்டாவுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்தாறு வருஷம்தான் வரும். பென்ஷன் இல்லை என்பதை வைத்து அவர்மேல் பழி சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தக் காகிதம் டிஸ்சார்ஜ் சான்றாக இருக்கலாம். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். ஜன்னலோரம் விரித்துவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி போட்டோ எடுங்கள். மங்கிப்போன எழுத்தும் ஓரளவு தெரியும். அதில் தேட வேண்டியது பட்டாள நம்பர். பெயரை நம்பிப் போனால் அலைய வேண்டிவரும். ஆள் எடுத்த இடத்தில் கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார்; அப்பா பெயரும் வீட்டுப் பெயரும் இடம் மாறியிருக்கும். ஊரும் திருவிதாங்கூர், விளவங்கோடு தாலுகா என்றுதான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லையே.

மெடலையும் கூர்ந்து பாருங்கள். ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில் அரசர் முத்திரை இருக்கும். அதைச் சுற்றியுள்ள வளையத்தில் இங்கிலீஷில் 'பசிபிக் ஸ்டார்' என்று இருந்தால் மலேயா, சிங்கப்பூர் சண்டையோடு ஒத்துப்போகிறது. 'பர்மா ஸ்டார்' என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

நம்பரும் படைப்பிரிவும் தெரிந்துவிட்டால் அந்தப் பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் பயனியர் கோர்ஸுக்கும் பெங்களூர். சில மாதம் கழித்து, 'பென்ஷன் பெறாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டு கெடு முடிந்து அழிக்கப்பட்டன' என்று பதில் வரலாம். நிறையக் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மனசு விட்டுப்போகின்றன. ஆனால் 'லாங் ரோல்' என்ற பெரும் பதிவேட்டை அழிப்பதில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் என்று சுருக்கமாகவாவது அதில் இருக்கும். ஆகவே முதல் கடிதத்திலேயே 'லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்' என்று தனியாகக் கேளுங்கள். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் இணைத்துவிடுங்கள்.

சிறையிருந்த காலத்தைத் தேடுவதுதான் கடினம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. 17-ஆம் தேதி இந்திய வீரர்களை மட்டும் ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்க்கத் தொடங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் சேரும்படி, பிடிபட்ட இந்திய அதிகாரிகளில் ஒருவரான மோகன் சிங் அங்கேயே அழைத்தார். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பலரைக் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் அடியிலும் ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். இவர்கள் போர்க்கைதிகளே இல்லை, தாமாக வேலைக்கு வந்தவர்கள் என்று ஜப்பானியர் பிறகு வாதாடினார்கள். அதனால் ஜெனீவாவில் இருக்கும் செஞ்சிலுவைச் சங்க ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்து, பெயர் இல்லை என்று பதில் வந்தால், அவர் கைதியாகவே இருக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பையன் அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து வாய் மூடியிருந்தால், அதற்குக் குற்றவுணர்ச்சிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, அவர் தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால்? திரும்பி வந்தவர்களை பிரிட்டிஷார் விசாரித்து, தேசிய ராணுவத்தோடு எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதை வைத்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று பிரித்தார்கள். கருப்பில் விழுந்தவர்களை டிஸ்மிஸ் செய்து, கைதியாக இருந்த காலத்துச் சம்பளத்தையும் பறித்தார்கள். காகிதத்தில் 'டிஸ்மிஸ்' என்று இருந்தாலும் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. 1972-இல் மத்திய அரசு கொண்டுவந்த விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டத்தில் தேசிய ராணுவத்தினருக்கும் இடம் உண்டு. தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

இவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். ஆச்சியின் காரியம் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் விதவைகளுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். மெடல், காகிதத்தின் நகல், ஆச்சியின் ஆதார் மூன்றையும் கொண்டுபோங்கள். பழைய கல்யாணம் என்பதால் அதற்கும் அத்தாட்சி கேட்கலாம். கோயிலிலோ சர்ச்சிலோ அந்தக் காலத்துப் பதிவேடு இருந்தால், போகும் முன்பே ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.