சவாசனத்துக்குப் புல்லாங்குழல் வேண்டும்தான், அந்தப் பென்டிரைவ் வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் வீட்டு மாடியில் கூரை போட்டு, காலையும் மாலையும் யோகா வகுப்பு நடத்துகிறேன். மொத்தம் 25 பேர், மாதக் கட்டணம் 800 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலும் ஒரு வகுப்பு உண்டு. சவாசனத்தின்போது யூடியூபில் கிடைக்கும் புல்லாங்குழல் இசையைப் போடுவேன். போன மாதம் ஒரு வகுப்பைப் படம்பிடித்து என் சேனலில் ஏற்றியதும் காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது. இது தெரிந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். பென்டிரைவில் 500 தியான இசை, எல்லாம் 432 ஹெர்ட்ஸ், ராயல்டி ஃப்ரீ, கூடவே ஆயுள் உரிமச் சான்றிதழ், மொத்தம் 6,500 ரூபாய் என்றார். வாங்காவிட்டால் ஜெயில்வரை போகும் என்கிறார். அந்த வீடியோவை 340 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் பென்டிரைவ். வாங்காதீர்கள். பேரம் பேசி 2,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

உரிமம் என்பது, இசையின் சொந்தக்காரர் உங்களுக்குக் கொடுக்கும் அனுமதி. 1957ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி, அதை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் அவர் முறையாக அதிகாரம் கொடுத்த முகவர் தர வேண்டும். வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த 500இல் ஏதாவது ஒன்றை எடுங்கள். இதை வாசித்தவர் யார், பதிவு செய்தவர் யார், உங்களுக்கு எழுதிக் கொடுத்த தாள் எங்கே?” தாள் வராது. தங்க நிற முத்திரை போட்ட சான்றிதழைத்தான் மறுபடி நீட்டுவார். அது அவரே அச்சடித்தது.

‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை விலை கொடுத்துவிட்டால், ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். இணையத்தில் விற்கும் இந்த வகை இசையின் உரிமம், பெரும்பாலும் வாங்கியவர் பெயருக்கு மட்டுமே செல்லும், கைமாற்ற முடியாது. எவரோ ஒருவர் ஒரு தடவை வாங்கியதைப் பிரதி எடுத்து ஊர் ஊராக விற்றால், உங்கள் கையில் இருப்பது திருட்டுப் பிரதி. ஜெயில் என்று மிரட்டினாரே, அந்த 63ஆவது பிரிவு இருப்பது உண்மை. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஆனால் அந்தப் பிரிவு முதலில் பாய வேண்டியது பிரதி போட்டு விற்கிறவர்மீது. அதை அவர் சொல்ல மாட்டார்.

மனதுக்கு இதம் என்று சொல்லி விற்கும் 432 ஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மேற்கத்திய வாத்தியங்களைச் சேர்க்க A என்ற சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைப்பது இன்றைய வழக்கம். அதை 432க்கு இறக்கினால் சுருதி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இறங்காது. கணினியில் 1.8 சதவீதம் இழுத்துவிட்டால் எந்தப் பாட்டும் ‘432’ ஆகிவிடும், அரை நிமிட வேலை. நம் இசையில் பாடகருக்குப் பாடகர் சுருதிக் கட்டை மாறுகிறது. ஒருவர் 1 கட்டையில் பாடுவார், ஒருவர் 5 கட்டையில் பாடுவார். அங்கே இந்த எண்ணுக்கு என்ன வேலை? ‘பைனாரல் பீட்ஸ்’ என்று விற்பதும் அப்படித்தான். வலது காதுக்கு ஒரு சுரம், இடது காதுக்குச் சற்றே விலகிய சுரம் எனத் தனித்தனியாகப் போக வேண்டிய சங்கதி அது. ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும்.

இனி யூடியூப். உங்களுக்கு வந்தது கிளெய்ம், ஸ்ட்ரைக் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் தேவையில்லாமல் சேனலையே மூடுகிறார்கள். கிளெய்ம் என்பது ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் போடுவது. பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமை கோரியவருக்குப் போகும், சில நேரம் வீடியோ முடக்கப்படும். சேனலுக்கு வேறு தண்டனை இல்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லிக் கொடுக்கும் புகார். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும்.

கிளெய்மை எதிர்த்து டிஸ்ப்யூட் போடலாம்; உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஆனால் கையில் தாள் இல்லாமல் டிஸ்ப்யூட் போடாதீர்கள். பிடிவாதமாக மேல்முறையீடுவரை போய்த் தோற்றால் அதுவே ஸ்ட்ரைக்காக மாறலாம். இங்கே இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே புல்லாங்குழல் துண்டைப் பத்துப் பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதில் ஒருவர் தன் ‘பாட்டு’ ஒன்றில் அதைச் சேர்த்து, ஒரு விநியோக நிறுவனம் வழியாக அந்த இயந்திரத்தில் பதிந்துவிடுகிறார். மறுநாளிலிருந்து மற்ற ஒன்பது பேருக்கும் கிளெய்ம் போகிறது. தவறாகக் கோரியவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. நியாயமாக வாங்கியவர்தான் ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வருடக்கணக்காக இதே கதை.

வகுப்பில் போடுவது வேறு விஷயம். யூடியூபாக இருந்தாலும் மற்ற இசைச் செயலிகளாக இருந்தாலும், அவற்றின் விதி தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. மாதச் சந்தா கட்டினால் சவாசனத்தின் நடுவே சோப்பு விளம்பரம் வராது, அவ்வளவுதான். கட்டணம் வாங்கும் வகுப்பில் போடும் உரிமை அதனால் வந்துவிடாது. அந்த உரிமை இரண்டு வாசலில் இருக்கிறது: இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைக்கு இன்று காப்பிரைட் கிடையாது. ஆனால் அதே கீர்த்தனையைப் போன வருடம் ஒருவர் குழலில் வாசித்து வெளியிட்டிருந்தால் அந்தப் பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. “பழைய பாட்டுதானே சார்” என்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

இசையமைப்பு, பாடல் வரிகளுக்கு 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற காப்பிரைட் சங்கம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு யார் வசூலிக்கலாம் என்ற சண்டை நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. 25 பேருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஓர் ஆசிரியை அதையெல்லாம் படித்துத் தெளிந்து பணம் கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு என்ன ஏற்பாடோ! இந்தக் குழப்பத்தில்தான் வீடு தேடி வரும் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். 33A பிரிவுப்படி பதிவுபெற்ற காப்பிரைட் சங்கம் தன் கட்டண அட்டவணையை வெளியிட்டாக வேண்டும். அட்டவணை காட்டாமல், தன் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொல்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுக்குமாடி வகுப்பு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு விலக்கு இருக்கிறது. ஆளாளுக்கு அதைத் தவறாகச் சொல்கிறார்கள். சட்டத்தின் 52(1)(k), குடியிருப்பில் வசிப்பவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கான மூடிய அறையில் ஒலிப்பதிவைப் போடுவது மீறல் ஆகாது என்கிறது. நான்கு நிபந்தனைகளையும் சேர்த்தே படியுங்கள். அறை மூடியதாக இருக்க வேண்டும். மொட்டை மாடியும் புல்வெளியும் சேராது. அது குடியிருப்பாக இருக்க வேண்டும். ஹோட்டல், அதுபோன்ற வணிக இடங்கள் ஆகாது. அறை குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். நான்காவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள்: அது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும், அல்லது முக்கியமாக அவர்களுக்கென்று, செய்து தரும் வசதியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சங்கமே உங்களை ஏற்பாடு செய்து, சங்கமே சம்பளம் கொடுத்து, குடியிருப்போர் வந்து போனால் இந்த விலக்கைத் தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் அறையை வாடகைக்கு எடுத்து, வெளியாட்களையும் சேர்த்து, ஆளுக்கு 800 வாங்கினால் அது உங்கள் வியாபாரம். அறை மட்டும்தான் அவர்களுடையது. பத்துக் குடியிருப்போரோடு வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தால்? ‘முக்கியமாக’ என்ற சொல் இருப்பதால் அதோடு விலக்கு போய்விடாது. பத்துக்கு எட்டு என்றால் வாதாட வேண்டிவரும். சங்கத்திடம் ஒரு தீர்மான நகல் வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டு மாடிக்கு இந்த விலக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

இத்தனை தொல்லையும் வேண்டாமென்றால் சுருக்கமான வழி தம்புரா. ப–ஸ–ஸ–ஸ என்று நான்கு தந்தி, ராகம் இல்லை, தாளம் இல்லை. சவாசனத்தில் கிடப்பவருடைய மனம் பின்தொடர்ந்து ஓட அதில் மெட்டே இல்லை. உண்மையில் புல்லாங்குழலைவிட இதுதான் அந்த வேலைக்குப் பொருத்தம். தம்புரா உள்ள ஒரு பாட்டு டீச்சரைப் பிடித்து ஒரு மதியம் உட்காருங்கள். நீங்கள் ‘ஓம்’ சொல்லும்போது குரல் சிரமமில்லாமல் எங்கே நிற்கிறதோ அந்தச் சுருதியில் சேர்க்கச் சொல்லுங்கள். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் சரியாக உட்கார்ந்து நாதம் ரீங்கரிக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். போன், தம்புராவின் குடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, மடித்த துண்டின்மேல், ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். ஒலிப்பதிவுச் செயலியில் WAV வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், உச்ச அளவு –12க்கும் –6 டெசிபலுக்கும் நடுவில். ‘ஆட்டோ கெய்ன்’ என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தந்தியின் நாதம் தேயத் தேயப் போன் தானாகவே சத்தத்தை ஏற்றும், யாரோ பக்கத்தில் மூச்சு வாங்குகிற மாதிரிக் கேட்கும். 12 நிமிடம் நிறுத்தாமல் மீட்டுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கப்புறம்தான். பன்னிரண்டு நிமிடத்தில் தந்தி லேசாகத் தளர்ந்திருக்கும். காதுக்கு உடனே தெரியாது. ஆனால் முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டிச் சுழலவிட்டால், ஒட்டிய இடத்தில் சுருதி படி ஏறினாற்போல் ஒரு குலுக்கல் வரும். கண்ணை மூடிக் கிடப்பவருக்கு அது சுருக்கென்று தைக்கும். அதனால் நடுவில் உள்ள நான்கு நிமிடத்தை மட்டும் எடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், ஒரு பஞ்சம (‘ப’ தந்தி) மீட்டலில் தொடங்கி இன்னொரு பஞ்சம மீட்டலுக்குச் சற்று முன்பே வெட்டி, 4 விநாடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேயத் தேய அடுத்தது எழுவது) கொடுத்து மூன்று தடவை ஒட்டுங்கள். கடைசி 40 விநாடி மெல்லத் தேயட்டும். பட்டென்று நின்றால் எல்லோரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

மூலப் பதிவை அழிக்காதீர்கள். மீட்டும்போது அரை நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். தம்புரா ஒலிக்கும் கிளெய்ம் வருவதுண்டு. அப்போது டிஸ்ப்யூட் போட இதுதான் ஆதாரம். போன் ஆப்பில் வரும் தம்புராவைப் பதிந்து ஏற்றினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதுவும் எவரோ வாசித்துப் பதிந்த ஒலிதான். ஆப்பின் விதியைப் படிக்காமல் தொடாதீர்கள்.

புல்லாங்குழல்தான் வேண்டும் என்றால் உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அரை நாள் அழைத்து வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். ஆனால் வாய்ப் பேச்சில் விடாதீர்கள். 19ஆவது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்த தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். யூடியூப் இந்தியாவோடு நிற்பதில்லை. ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும் என்பதும் அதே பிரிவில் உண்டு, தாளில் வேறுவிதமாக எழுதாதவரை. ஆகவே “உலகம் முழுவதும், காப்பிரைட் காலம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீங்காது, வகுப்பில் ஒலிக்கவும் இணையத்தில் ஏற்றவும்” என்று எழுதி, கொடுத்த தொகையையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த இசையை வேறு யாருக்கும் விற்பதில்லை, ஒலியை ஒப்பிடும் எந்த இயந்திரத்திலும் பதிவதில்லை என்று இன்னொரு வரியும் சேருங்கள்.

ஒன்றும் செய்ய நேரமில்லை என்றால், யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது. வீடியோவுக்கு அது போதும். வகுப்பிலும் ஒலிக்க வேண்டுமானால் அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் (சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த உரிமையாளரே தந்த அனுமதி) குறி உள்ளதை எடுங்கள், பெயர் குறிப்பிடும் நிபந்தனையை மதியுங்கள். வேறு தளங்களில் தேடும்போது NC (வணிகப் பயன்பாடு கூடாது) என்ற எழுத்து இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டண வகுப்புக்கு அது உதவாது.

ஒலியளவு: கடைசி வரிசையில் ஃபேன் சத்தத்துக்குச் சற்று மேலே, உங்கள் குரலுக்கு நன்றாகக் கீழே. ஸ்பீக்கர் யாருடைய தலைமாட்டிலும் வேண்டாம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் மந்தர ஸட்ஜம் (தாழ்ந்த ‘ஸ’) கேட்கவே கேட்காது, வெறும் கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.

கிளெய்ம் வந்த வீடியோவில், ஸ்டூடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் அழிக்க ஒரு வசதி உண்டு. குரலும் இசையும் ஒன்றாகப் பதிந்திருப்பதால் உங்கள் குரலும் சேர்ந்து மங்கலாம். அப்படி ஆனால் வீடியோவையே எடுத்துவிட்டுத் தம்புராவோடு மறுபடி படம்பிடித்து ஏற்றுங்கள். 340 பார்வைதானே, திரும்ப வந்துவிடும்.